காரணம் சொல்லவும் உதவி கேட்கவும்: கொங்குப் பேச்சின் வழியே ஜப்பானிய மொழி



இலக்கியம் பேசும் மேடை இது. இதில் ஓர் அயல்மொழியின் இலக்கணக் கூறுகள் இரண்டைப் பற்றிப் பேச இடம் கொடுத்திருக்கிறீர்கள். நடந்த ஒன்றுக்கு ஜப்பானிய மொழியில் விளக்கம் சொல்வது எப்படி, ஒருவரிடம் பணிவாக உதவி கேட்பது எப்படி என்பவைதாம் அவை. சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இதனால் என்ன என்று நினைப்பவர்கள் இராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்துச் செவிலியர் விடுதிகளுக்கும் பொறியியல் கல்லூரி விடுதிகளுக்கும் ஒருமுறை போய்ப் பாருங்கள். கட்டிலுக்கு மேலே சுவரில் ஹிராகனா எழுத்து அட்டவணை ஒட்டியிருக்கும். ஜப்பானிய மொழித் திறன் தேர்வு 1984இல் தொடங்கியது. அது நடக்கும் இந்திய நகரங்களில் தில்லி, சென்னையோடு சேலமும் ஒன்று. கோழிப்பண்ணை, லாரிக் கூண்டு, ஜவ்வரிசி என்று பெயர் பெற்ற ஊர்களின் பிள்ளைகள் இன்று கான்ஜி எனும் சீன வரிவடிவ எழுத்தின் கோடுகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

காரணம் தெரிந்ததே. ஜப்பான் மக்களில் 65 வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்கு 29 பேருக்கும் மேல். 2040இல் முதியோர் பராமரிப்புக்கு 27.2 லட்சம் பேர் வேண்டியிருக்கும் என்றும், 2022இல் இருந்தவர்களைவிட 5.7 லட்சம் பேர் கூடுதலாகத் தேவைப்படுவார்கள் என்றும் அந்நாட்டு அரசே கணக்கிட்டிருக்கிறது. குறிப்பிட்ட திறன் கொண்ட வெளிநாட்டுப் பணியாளர்களுக்கென்று 2019 ஏப்ரலில் ஜப்பான் ஒரு தனி விசாவைக் கொண்டுவந்தது. இந்தியாவோடு அதற்கான ஒப்பந்தம் 2021 ஜனவரியில் கையெழுத்தானது. 2025 ஆகஸ்டில் இரு நாடுகளும் வெளியிட்ட திட்டத்தின்படி, ஐந்தாண்டுகளில் திறன் பெற்ற இந்தியர்கள் 50,000 பேர் அங்கே போக வேண்டும். அந்தத் தனி விசாவுக்கு மொழித் தேர்வில் என்4 நிலை அல்லது அதற்கு ஈடான இன்னொரு தேர்வு வேண்டும்.

என்4 படிப்பவர்கள் பெரும்பாலும் கையில் வைத்திருக்கும் பாடநூல் 'மின்னா நோ நிஹொங்கோ'. 1998இல் வந்தது, இரண்டு பாகம், ஐம்பது பாடம். முதல் இருபத்தைந்து பாடங்களில் பெயர் சொல்வதும் வழி கேட்பதும் விலை கேட்பதும் வந்துவிடும். இரண்டாம் பாகம் இருபத்தாறாம் பாடத்தில் தொடங்குகிறது. அந்தப் பாடத்தின் முக்கியமான இலக்கணம் நான் சொன்ன இரண்டும்தான்: 'ன் தெஸ்' என்று முடியும் விளக்க வாக்கியம், 'தே இத்ததக்கெமசென் கா' என்று முடியும் பணிவு வேண்டுகோள். (ஜப்பானிய ஒலிகளைத் தமிழ் எழுத்தில் தோராயமாகத்தான் காட்ட முடியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.) முதல் பாகத்தைச் சிரித்துக்கொண்டே முடித்த பிள்ளைகள் இந்தப் பாடத்தில் தடுமாறி நிற்பதை ஆண்டுதோறும் வகுப்பில் பார்க்கிறேன். அவர்களுக்குப் புரியாமல் போக இதில் ஒன்றுமே இல்லை என்பது என் உறுதியான எண்ணம். நாம் கற்பிக்கும் வழிதான் அவர்களைத் தடுமாற வைக்கிறது. இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு இந்த இலக்கணத்தை ஆங்கிலத்தின் வழியாகக் கற்பிக்க வேண்டாம், வீட்டில் பேசும் தமிழின் வழியாகக் கற்பியுங்கள் என்று கேட்கத்தான் இங்கே வந்திருக்கிறேன்.

ஆங்கில வழி என்ன செய்கிறது என்று பார்ப்போம். காரணம் என்றதும் மாணவி மனத்தில் 'பிகாஸ்' வருகிறது. அதற்கு ஜப்பானியத்தில் 'கரா' என்று மனப்பாடம் செய்திருக்கிறாள். வேண்டுகோள் என்றதும் 'ப்ளீஸ்' வருகிறது. அதற்கு 'குதசாய்'. இரண்டும் தவறான சொற்கள் அல்ல. ஆனால் வேலைக்குத் தாமதமாக வந்தவர் மேலாளரிடம் 'கரா' போட்டுக் காரணம் சொன்னால், பஸ் வராததற்கு நான் என்ன செய்வது என்று வாதாடுவதுபோல ஒலிக்கும். 'குதசாய்' ஒருவருக்கு நன்மையானதைச் சொல்லும்போது பொருந்தும். உட்காருங்கள், சாப்பிடுங்கள் என்று நாம் சொல்வது மரியாதைதானே? அதே வினை வடிவத்தில் மூத்தவர் ஒருவரிடம் 'என் கட்டுரையைத் திருத்துங்கள்' என்று சொன்னால் எப்படி இருக்கும்? வடிவத்தில் மரியாதை இருந்தும் கேட்பவருக்குச் சுருக்கென்று இருக்கும். நம் வீட்டுப் பிள்ளை யாரும் அப்படிப் பேசாது. 'ப்ளீஸ்' என்ற சொல்லின் வழியாக ஜப்பானியத்துக்குப் போகும்போதுதான் அந்தப் பிள்ளையின் இயல்பான நிதானம் தொலைந்துபோகிறது.

பணிவைப் பற்றிய உலக ஆராய்ச்சியில் நம் வட்டாரப் பேச்சுக்கு ஓர் இடம் உண்டு. பெனிலோப்பி பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் 1978இல் ஒரு நீண்ட ஆய்வாக வெளியிட்டு, 1987இல் தனி நூலாக்கிய பணிவுக் கோட்பாடு இன்று உலகெங்கும் மொழியியல் வகுப்புகளில் பாடம். அவர்கள் சான்று திரட்டிய மொழிகள் மூன்று. ஒன்று ஆங்கிலம், இன்னொன்று மெக்சிகோவில் மாயா மக்கள் பேசும் செல்த்தால், மூன்றாவது கோவை மாவட்டக் கிராமம் ஒன்றின் தமிழ். அதாவது நம் கொங்குத் தமிழ். நம் ஊர்க் களத்துமேட்டில் பேசிய பேச்சு கேம்பிரிட்ஜ் அச்சில் ஏறியிருக்கிறது.

அந்தக் கோட்பாட்டை மறுத்து எழுந்த வலுவான குரல்களில் இரண்டு ஜப்பானிய அறிஞர்களுடையவை. யொஷிகோ மத்சுமோதோ 1988இலும் சச்சிகோ இடே 1989இலும் எழுதினார்கள். எதிரில் இருப்பவரின் மனம் நோகாமல் இருப்பதற்காகக் கையாளும் உத்தியே பணிவு என்று பிரவுனும் லெவின்சனும் சொல்ல, ஜப்பானியத்தில் அது அப்படியில்லை என்றார்கள் இவர்கள். இன்று சனிக்கிழமை என்ற தகவலில் யார் மனமும் நோக ஏதுமில்லை. ஆனாலும் ஜப்பானியர் அதைச் சொல்லும்போது, எதிரில் இருப்பவர் யார் என்பதைப் பார்த்து வாக்கியத்தின் முடிவைத் தேர்ந்தே ஆக வேண்டும். 'வகிமாயே' என்று சச்சிகோ இடே இதைக் குறிப்பிட்டார்; இடம் பொருள் ஏவல் அறிவது என்று நாம் சொல்வதுதான்.

இதைப் படித்தபோது எனக்கு வியப்பு எழவில்லை. 'இன்னைக்குச் சனிக்கெழமைங்க' என்று நாமும்தான் சொல்கிறோம். மழைங்க, இல்லீங்க, ஆமாங்க, ஏனுங்க என்று வினை, பெயர், வினா எதன் இறுதியிலும் ஒட்டும் இந்த 'ங்க', பேசப்படும் பொருளுக்குத் தரும் மரியாதை அன்று, கேட்பவருக்குத் தருவது. ஜப்பானிய 'தெஸ்', 'மஸ்' இரண்டும் செய்வது இதே வேலைதான். கேட்பவரை வாக்கியத்தின் கடைசியில் வணங்கும் பழக்கம் ஆங்கில இலக்கணத்தில் இல்லை. கொங்குப் பிள்ளைக்கு அது தாய்ப்பாலோடு வந்தது. அதை விட்டுவிட்டு ஆங்கிலத்தில் 'பொலைட் ஃபார்ம்' என்று கரும்பலகையில் எழுதிப் போடுகிறோம்.

இனி விளக்கம் சொல்லும் 'ன் தெஸ்'. தாமதமாக வந்தவரைப் பார்த்து மேலாளர் 'தோஷ்தா ன் தெஸ் கா' என்கிறார், என்ன ஆச்சு என்று. 'பஸு, கொனக்கத்தா ன் தெஸ்' என்பது பதில். 'பஸு' என்பது பஸ். 'கொனக்கத்தா' என்றால் வரவில்லை. அதற்குப் பின் வரும் 'ன்', 'நோ' என்பதன் குறுக்கம். முன்னால் உள்ள வாக்கியம் முழுவதையும் ஒரு பெயராகத் திரட்டிக்கொள்வது அதன் வேலை. வந்தான் என்பதை வந்தது என்று நாம் பெயராக்குகிறோமே, அப்படி. திரட்டியதைக் கேட்பவர் முன் மரியாதையோடு வைத்து முடிப்பது 'தெஸ்'. இதே கேள்வியை நம் ஊர் மில்லில் சூப்பர்வைசர் கேட்டால் பதில் எப்படி வரும்? 'பஸ்ஸு வரலீங்க, அதானுங்க.' அந்த 'அதானுங்க'வைக் கவனியுங்கள். 'அது' முன் சொன்னதைத் திரட்டுகிறது. 'தான்' அதைக் கேட்டவரின் கேள்வியோடு பொருத்துகிறது. 'ங்க' மரியாதையோடு முடிக்கிறது. பஸ் வரவில்லை என்பது செய்தி. பஸ் வரலீங்க, அதானுங்க என்பது விளக்கம். ஜப்பானியர் தனியே இலக்கணமாக்கி வைத்திருக்கும் வேறுபாடு இதுவே.

மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் ஒரு பிழையும் இதனாலேயே தீரும். 'ன் தெஸ்'ஸுக்கு முன்னால் வினை எளிய வடிவில் நிற்க வேண்டும். பலர் பணிவு கூடட்டும் என்று அங்கேயும் 'மஸ்' வடிவத்தைச் சேர்க்கிறார்கள். விதியாகச் சொன்னால் மறந்துவிடுகிறார்கள். 'வராத பஸ்ஸுங்க' என்கிறோம், வராத என்பதற்குள் 'ங்க'வைத் திணிக்க முடியுமா என்று கேட்டால் பிறகு மறப்பதில்லை.

கேள்வியிலும் இதே நுட்பம் உண்டு. ஒருவர் நனைந்த குடையோடு உள்ளே வருகிறார். கண்ணால் கண்ட அடையாளத்தை வைத்துக் கேட்பதால் 'அமெ, ஃபுத்தேரு ன் தெஸ் கா' என்று ஜப்பானியர் கேட்பார். 'மழை பேயுதாட்டங்களா?' என்று நம் ஊர்ப் பாட்டி கேட்பார். அடையாளம் ஏதுமின்றித் தொலைபேசியில் கேட்டால் அங்கே 'ன்' வராது. இங்கே 'ஆட்டம்' வராது. 'மழை பேயுதுங்களா' என்று மட்டும்தான் கேட்போம். 'ன் தெஸ்'ஸும் 'ஆட்ட'மும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. கண்டதோடு சேர்த்துக் கேட்பது, காணாமல் கேட்பது என்ற பிரிவு நம் பிள்ளைகளின் காதில் ஏற்கெனவே இருக்கிறது என்கிறேன்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. 'ன் தெஸ்' பிடிபட்டதும் சிலர் எல்லா வாக்கியத்திலும் அதைச் சேர்க்கத் தொடங்குவார்கள். யாரும் விளக்கம் கேட்காத இடத்தில் அது வந்தால் அழுத்திப் பேசுவதுபோல இருக்கும். ஏன் என்று கேட்கும் கேள்வியில் வந்தால், குரலைப் பொறுத்து, குற்றம் சாட்டுவதுபோலவும் ஆகலாம். ஜப்பானியருக்கே இது பெரிய ஆராய்ச்சிப் பொருள். தனொமுரா ததஹாரு 1990இலும், நோதா ஹருமி 1997இலும் இந்த ஒரே முடிவைப் பற்றி முழு நூல் எழுதியிருக்கிறார்கள். மூன்று மாத வேகப் பயிற்சியில் அரை மணி நேரத்தில் கடந்துபோகும் பாடம் அன்று இது.

அடுத்தது வேண்டுகோள். இதற்கு நம்மிடம் தொல்காப்பியம் இருக்கிறது. சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம், தருதலும் வருதலும் தன்மை, முன்னிலை இடங்களுக்கு உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை என்று வகுக்கிறது. எச்சவியலோ, ஈ என்பதைத் தாழ்ந்தோனும் தா என்பதை ஒத்தோனும் கொடு என்பதை உயர்ந்தோனும் சொல்ல வேண்டும் என்கிறது. கொடுத்தல் எந்தத் திசையில் நடக்கிறது, கேட்பவர் எந்த நிலையில் நிற்கிறார் என்பதற்கேற்ப வினையே மாறும் என்ற இந்த நுட்பம் இன்றைய தமிழ்ப் பேச்சில் மங்கிவிட்டது. ஜப்பானியத்தில் உயிரோடு இருக்கிறது. என் பக்கம் வந்தால் 'குரெரு', வெளியே போனால் 'அகெரு'. உயர்ந்தவர் எனக்குத் தந்தால் 'குதசாரு', உயர்ந்தவரிடமிருந்து நான் பணிந்து பெற்றால் 'இத்ததகு'. ஜப்பானிய ஆசிரியர்கள் இதை அம்புக்குறி வரைந்து வரைந்து விளக்குவார்கள். தமிழ் இலக்கணம் படித்த ஒருவர் அந்த இரண்டு இயல்களையும் எடுத்து வைத்துக்கொண்டால் அம்புக்குறிக்கே வேலை இல்லை.

'தே இத்ததக்கெமசென் கா' என்பதைப் பிரித்தால், 'பார்த்து' என்பதுபோன்ற வினையெச்சம் முதலில். பிறகு பணிந்து பெறுதல். அதன் பின் இயலும் என்ற பொருள், எதிர்மறை, வினா. நீங்கள் பார்த்துத் தருவதை நான் பெற இயலாதா என்று கேட்பதாக அமையும். எதிரில் இருப்பவர் தருவாரா மாட்டாரா என்ற பேச்சே அதில் எழுவதில்லை. எனக்குக் கிடைக்குமா என்பது மட்டும்தான் கேள்வி.

நம் ஊர் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு வாருங்கள். சாதிச் சான்றிதழுக்காக நிற்கும் ஒருவர், 'நீங்க சர்டிபிகேட் தருவீங்களா' என்று கேட்பதில்லை. 'சர்டிபிகேட் இன்னைக்குக் கிடைக்குங்களா' என்கிறார். தருபவர் வாக்கியத்தில் இல்லவே இல்லை. பெறுபவரும், சொல்லாமல் விட்ட 'எனக்கு' என்ற நான்காம் வேற்றுமையில் மறைந்து நிற்கிறார். இந்தக் 'கிடைக்குங்களா'வைச் சொல்லத் தெரிந்தவருக்கு 'இத்ததக்கெமசென் கா' அந்நியம் இல்லை.

எதிர்மறையில் மட்டும் கவனம் வேண்டும். 'தர முடியாதா' என்று தமிழில் கேட்டால் அது சண்டைக்கு முதல் படி. ஜப்பானியத்தில் எதிர்மறை சேர்ந்தால் பணிவு கூடும். இதைக் கேட்டதும் மாணவர்கள் திகைப்பார்கள். அப்போது 'ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போகக்கூடாதுங்களா?' என்று வீட்டில் அம்மா விருந்தாளியிடம் கேட்பதை நினைவூட்டுவேன். அதுவும் எதிர்மறைதான்; அதில் கனிவுதானே இருக்கிறது? 'முடியாதா'வை விட்டுவிட்டு இந்தக் 'கூடாதா'வின் பக்கம் போகச் சொல்வேன்.

இவ்விரு இலக்கணமும் அங்கே சேர்ந்தேதான் வரும். முதலில் 'ன் தெஸ்' போட்டு நிலைமையைச் சொல்லி, ஆனால் என்பது போன்ற ஓர் இடைச்சொல்லால் வாக்கியத்தை முடிக்காமல் நிறுத்தி, பிறகு வேண்டுகோள். கடிதம் ஒன்று எழுதியிருக்கேனுங்க, கொஞ்சம் பாத்துக் குடுத்தீங்கன்னா நல்லா இருக்குங்க என்பதே அமைப்பு. சூழலைச் சொல்லாமல் உதவியைக் கேட்பது அங்கேயும் முறையில்லை, இங்கேயும் முறையில்லை.

முதியோர் இல்லத்தில் இது எங்கே வேலை செய்கிறது என்று சொல்கிறேன். காலையில் ஒரு பாட்டியைப் படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்ற வேண்டும். ஜப்பானியப் பராமரிப்பில் உடம்பைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு படியையும் வாயால் சொல்ல வேண்டும். 'கொஎகாகெ' என்று அதற்குப் பெயர். சாப்பாட்டு நேரம் ஆயிருச்சுங்க என்று விளக்கம். இந்தப் பக்கம் கொஞ்சம் திரும்பிக்கறீங்களா என்று வேண்டுகோள். நாற்காலியின் பிரேக் போட்டிருக்கேனுங்க என்று மறுபடி விளக்கம். கையை என் தோள்மேல் வைத்துக்கொள்கிறீர்களா என்று மறுபடி வேண்டுகோள். இப்படி மாறி மாறி வரும். மறதி நோய் கண்டவருக்கு இந்தச் சொற்கள்தாம் பிடிமானம். சொல்லாமல் தூக்கினால் பயந்து கையை உதறுவார், விழுவார். வகுப்பில் இதைப் பயிற்சி செய்தபோது சேந்தமங்கலம் பக்கத்து மாணவி ஒருத்தி முதலில் தமிழில், தன் ஆத்தாவிடம் பேசுவதுபோலவே முழுவதையும் சொல்லிப் பார்த்தாள். பிறகு அதே தாளத்தில் ஜப்பானியத்தில் சொன்னாள். பாடநூலில் உள்ளதைவிட நன்றாக இருந்தது. அவளுக்கு யாரும் பணிவு கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

மொழியைக் குறைத்து மதிப்பிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. பொருளாதார ஒப்பந்தத்தின்படி இந்தோனேசியாவிலிருந்து 2008 முதலும் பிலிப்பைன்ஸிலிருந்து 2009 முதலும் செவிலியர்கள் ஜப்பானுக்குப் போனார்கள். சொந்த நாட்டில் தகுதி பெற்றவர்கள், அனுபவம் உள்ளவர்கள். 2010இல் ஜப்பானின் தேசியச் செவிலியர் தேர்வை அவர்களில் 254 பேர் எழுதினார்கள். தேறியவர்கள் மூன்று பேர். ஊசி போடத் தெரியாமல் யாரும் தோற்கவில்லை. வினாத்தாளின் மொழி தோற்கடித்தது. பிறகு வினாத்தாளில் கடினமான சொற்களுக்கு உதவிக் குறிப்புகள் சேர்த்தார்கள். இன்று நம் பிள்ளைகள் போகும் பராமரிப்பு விசாவுக்கு அந்தத் தேர்வு தேவையில்லை. ஆனாலும் வேலை அதே மொழியில்தான் நடக்கும்.

தமிழும் ஜப்பானியமும் ஒரு தாய் மக்கள் என்று நான் வாதிடுவதாக யாரும் கொள்ள வேண்டாம். அதைச் சொன்னவர் பேராசிரியர் சுசுமு ஓனோ (1919–2008). தமிழகத்தில் பொற்கோவும் யாழ்ப்பாணத்தில் சண்முகதாஸ், மனோன்மணி தம்பதியும் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள். அந்த முடிவை மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. தமிழைத் தேடி வந்த அவர் உழைப்பின் மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. என் கோரிக்கைக்கு உறவுமுறை தேவையில்லை. வினை கடைசியில் நிற்பதும், ஒட்டு மேல் ஒட்டு சேர்வதும், கேட்பவருக்கு மரியாதை வாக்கிய முடிவில் வருவதும் போதும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் 'ங்க'வுக்கு ஒரு கறை உண்டு. யார் யாருக்கு 'ங்க' சொல்ல வேண்டும், யார் யாரை 'டா' போடலாம் என்பதைச் சாதி தீர்மானித்த காலம் இந்த மண்ணில் இருந்தது. இன்னும் முழுதாகப் போகவில்லை. லெவின்சன் மேற்குத் தமிழகத்துப் பேச்சைச் சாதிப் படிநிலையோடு சேர்த்தே பதிவு செய்திருக்கிறார். எழுபது வயதுப் பெரியவர் 'ங்க' சொல்ல, பத்து வயதுப் பையன் அவரைப் பெயர் சொல்லி அழைத்த ஊர்கள் இவை. ஜப்பானிய 'தெஸ்', 'மஸ்' முன்பின் தெரியாதவர்களுக்கு இடையே இரு பக்கமும் செல்வது. வாடிக்கையாளர், முதலாளி என்று வரும்போது அங்கேயும் ஏற்றத்தாழ்வு உண்டு. ஆனால் பிறப்பைக் கேட்டு முடிவு செய்வதில்லை. எந்தத் தெருவிலிருந்து வந்த பிள்ளையாக இருந்தாலும், அதன் வாயிலிருந்து வரும் மரியாதைக்கு ஈடாக அதற்கும் மரியாதை திரும்பி வரும் வகுப்பறையில்தான் இந்த இலக்கணத்தைக் கற்பிக்க முடியும். மாணவியை 'ஏய், இங்க வா' என்று கூப்பிட்டுவிட்டு 'இத்ததக்கெமசென் கா'வை ஒப்பிக்கச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. என் வகுப்பில் நான் மாணவர்களை 'ங்க' போட்டே அழைக்கிறேன். தொடக்கத்தில் கூச்சப்படுவார்கள், போகப்போகப் பழகிவிடும்.

பல்கலைக்கழகத்துத் தமிழ்த்துறையினரும் மொழியியலாரும் அவையில் இருக்கிறீர்கள். உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. கொங்குச் சொற்களைப் பெருமாள்முருகன் தொகுத்து, 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி'யாக 2000இல் தந்தார். சொற்களுக்கு நடந்த அந்தப் பணி நம் வாக்கிய முடிவுகளுக்கும் நடக்க வேண்டும். அதானுங்க, ஆட்டங்களா, கிடைக்குங்களா, கூடாதுங்களா, பாத்துக் குடுத்தீங்கன்னா என்று காரணம் சொல்லவும் கேட்கவும் தயங்கவும் மறுக்கவும் இந்த மக்களிடம் என்னென்ன முடிவுகள் இருக்கின்றன? ஆத்தூரில் எப்படி, சங்ககிரியில் எப்படி, பரமத்தியில் எப்படி? இதை மாணவர்களைக் கொண்டே பதிவு செய்யலாம். சந்தையிலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் பஸ் நிறுத்தத்திலும் கேட்கக் கிடைப்பதுதானே. அந்தத் தொகுப்பின் ஒவ்வொரு முடிவுக்கும் எதிரே அதை ஒத்த ஜப்பானிய முடிவையும், எங்கே ஒத்துப்போகாது என்பதையும் எழுதித் தர நானும் என்னோடு கற்பிப்பவர்களும் அணியமாக இருக்கிறோம். முதல் கைப்பிரதி இருபத்தாறாம் பாடத்துக்கு மட்டும் வந்தாலும் போதும். அடுத்த டிசம்பர் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் கையில் அதைக் கொடுத்துவிடலாம்.